நாற்பத்தெட்டு இதழும் ரெண்டு கையெழுத்தும்

— பதினாலாவது இதழும் என்னுதுதான். உள் அட்டையில முத்திரை இருக்கு, பாரு. எழுதிக்கோ மாப்ளே.

— எழுதிக்கறேன் மாமா. ஆனா அக்கா இன்னும் பதிமூணையே முடிக்கல.

— அடிப்படையில பார்த்தா, ஒரு இதழ் யாருதுன்னு தெரிஞ்சுக்க உள் அட்டை ஒண்ணு போதும். முத்திரை இருந்தா என்னுது. பேனாவுல கிறுக்கியிருந்தா உங்க அக்காவுது. இதுக்கு எதுக்கு முப்பத்திரண்டு பக்கமும் உட்கார்ந்து படிக்கணும்?

— விவாகரத்துக் கேஸுல சமரசம் பேசின மேடம் என்ன சொன்னாங்க? ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து, ஒவ்வொண்ணாத் திறந்து, சரிபார்த்து, பட்டியல் போட்டு, கையெழுத்தோட திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொண்டாங்கன்னாங்க. நான் சரிபார்த்துக்கிட்டு இருக்கேன்.

— சரிபார்க்கச் சொன்னாங்க. சிரிக்கச் சொல்லல.

— சிரிப்பு வந்தா என்னங்க பண்றது? உங்க ஹீரோ தளபதி சூறாவளி இந்த இதழ்லயும் கடைசிப் பக்கத்துலதான் வர்றார்.

— மாமா, மெதுவா. மூஞ்சி சிவக்குது. கிளட்ச்சை மிதிங்க, அப்புறம் பேசுங்க.

— உன் டிரைவிங் ஸ்கூல் பாடத்தை உன் ஸ்கூல்ல வச்சுக்கோ. நான் கேக்கறது நியாயமான கேள்வி. ஃபிரிட்ஜ் யாருக்குன்னு பத்து நிமிஷத்துல முடிவாச்சு. கார் அஞ்சு நிமிஷம். இருபது வருஷக் குடும்பத்தை ஒரே மத்தியானத்துல பிரிச்சாச்சு. இந்தக் காமிக்ஸ் அலமாரிக்கு மட்டும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை.

— ஃபிரிட்ஜுக்குக் கதை இல்ல மாமா.

— நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பட்டியல் போகலைன்னா மறுபடியும் மூணு மாசம் தள்ளிப் போடுவாங்க. குறிச்சுக்கோ.

— குறிச்சுக்கிட்டேன். பதிமூணு, மாமாவுது. பதினாலு, மாமாவுது. அக்கா, பதினஞ்சு எடுக்கட்டுமா?

— எடு. அட, இது என்னோடது. அட்டையைப் பாரு.

— தளபதிக்கு மீசை வரைஞ்சிருக்கு.

— ஒரு பல்லையும் கறுப்பாக்கியிருக்கேன். அப்போ எனக்குப் பத்து வயசு. இப்ப பார்த்தாலும் எதையும் மாத்தத் தோணல.

— ஒரு தலைவனோட முகத்துல மீசை வரையற மனநிலை இருக்கு பாரு, அதைப் பத்தி நான் தலைமைப் பயிற்சி வகுப்புலயே பேசறேன். மூணு விஷயம். ஒண்ணு, பொறாமை. ரெண்டு, ஒத்துழையாமை.

— மூணாவது?

— அது இந்த ரெண்டுலயே அடங்கியிருக்கு.

— பதினஞ்சு, அக்காவுது. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, நானும் சின்ன வயசுல இதைப் படிச்சவன்தான். படிச்சவன்னா, அக்கா படிச்சு முடிச்சதும் கடிச்சுப் பார்த்தவன். இடிமேகப் படையில ஆறு பேர். இரும்பை இழுக்கிற காந்தா. உடம்பிலேர்ந்து ஆவி விடற கொதிகலன். கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பி விடற எதிரொலி. இருட்டுல பார்க்கற எட்டுக்கண்ணன். எதையும் முதுகுல தூக்கற உப்புமூட்டை. இவங்க அஞ்சு பேருக்கும் என்ன சக்தின்னு எனக்குத் தெரியும். தளபதி சூறாவளிக்கு என்ன சக்தி?

— தலைமை.

— இல்ல, சக்தி.

— அதான் சொல்றேனே. தலைமை. ஒன்பதாவது இதழை எடு. பாலம் இடிஞ்சு விழுது. தளபதி மேல நின்னு என்ன சொல்றார்? "படை முன்னேறட்டும்." அந்த ரெண்டு வார்த்தையை வச்சு நான் அரை நாள் வகுப்பு எடுக்கிறேன். பெரிய பெரிய அதிகாரிங்க கண்ணீர் விட்டிருக்காங்க.

— அந்தப் பக்கத்துல பாலத்தை முதுகுல தாங்கிக்கிட்டு நிக்கறது உப்புமூட்டை. தளபதி அதே பாலத்து மேல நின்னுக்கிட்டு நாலு பேச்சுப் பலூன் நிறையப் பேசறார். ரெண்டு வார்த்தை இல்லீங்க, நாலு பலூன். கீழ ஒருத்தன் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், இவர் இறங்கிப் பேசியிருந்தா கொஞ்சம் எடை குறைஞ்சிருக்கும்.

— நீ எப்பவுமே கீழேயிருந்து பார்ப்பே. அது உன் தொழிலோட கோளாறு.

— ஆமா, லிஃப்ட் ரிப்பேர் பண்றவ கீழேயிருந்துதான் பார்க்கணும். மேலேயிருந்து பார்த்தா தலையில விழும்.

— அக்கா, அந்த லிஃப்ட் தளபதியைச் சொல்லேன். போன வாரம் சொன்னியே.

— ஒருத்தர் இல்லடா, எல்லா லிஃப்டுலயும் உண்டு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போனா, உள்ள இருக்கிற ஆறேழு பேர்ல ஒருத்தர் உடனே தளபதியா மாறிடுவார். யாரும் பதறாதீங்க, நான் இருக்கேன்னு கத்துவார். மணியை அவர்தான் அடிப்பார். எனக்குப் போன் பண்ணி, என் பேரைக் கேட்டு, என் மேலதிகாரி பேரையும் கேப்பார். நான் போய் கதவை ஒரு அடி திறந்ததும் முதல்ல வெளிய குதிக்கிறதும் அவர்தான். போன வாரம் ஒருத்தர் என் கையை மிதிச்சுட்டே போனார்.

— தளபதி முதல்ல குதிப்பார்னு மாமா சொல்வாரே, அது இதுதானா?

— தளபதி முதல்ல குதிப்பார்ங்கறது என் புத்தகத்துல நாலாவது அத்தியாயம். அதை லிஃப்டுக்குள்ள கொண்டுபோய்த் திணிக்காதீங்க. இரு, போன் வருது. புதன்கிழமைக் கூட்டத்துக்காரங்க. டயர் கம்பெனி, ஆயிரத்து இருநூறு பேர். நான் வெளிய போய்ப் பேசிட்டு வர்றேன். நான் இல்லாம எதையும் உறையிலேர்ந்து எடுக்காதீங்க. கை ரேகை படும்.

— போய்ட்டு வாங்க மாமா. பால்கனிக் கதவைச் சாத்திக்கங்க, உங்க குரல் உள்ள வந்தா நாங்களும் ஊக்கமாயிடுவோம். அக்கா.

— ம்.

— உண்மையைச் சொல்லு. மாமா என்ன நினைக்கிறார் தெரியுமா? நீ வேணும்னே இழுத்தடிக்கிறேன்னு நினைக்கிறார். நேத்து எனக்குப் போன் பண்ணி அதைத்தான் சொன்னார். "அவளுக்கு என்னை விட்டுப் பிரிய மனசு இல்ல மாப்ளே, பக்கம் பக்கமாப் படிச்சு நாளைக் கடத்தறா"ன்னு. பாவமாச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், மறைக்கத் தெரியல அவருக்கு.

— நீ என்ன சொன்னே?

— நான் என்ன சொல்றது? பதினாறு வருஷமா கத்துக்கொடுக்கறேன். மெதுவா ஓட்டறவங்க ரெண்டு வகை. ஒரு வகைக்குப் பயம். இன்னொரு வகைக்கு எங்க திரும்பணும்னு தெரியும், அதைப் பார்த்துக்கிட்டே வருவாங்க. நீ எதுன்னு எனக்குத் தெரியல.

— பட்டியலைப் பாரு நீ.

— பார்த்தேன். பதினஞ்சுல உன்னுது நாலு. மூணு, ஏழு, பன்னிரண்டு, இப்ப இது. ஏன் அக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுல முழு செட்டும் இருந்துதே. நாற்பத்தெட்டும். நான் கடிச்சது எனக்கே ஞாபகம் இருக்கு.

— அவர்கிட்டயும் முழு செட்டு. ஒரே அலமாரியில ரெண்டு செட்டு எதுக்குன்னார். ஒவ்வொரு இதழ்லயும் எது நல்லா இருக்கோ அதை வச்சுக்குவோம், மத்ததைப் பழைய பேப்பருக்குப் போட்டுடலாம்னார். எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. கல்யாணமாகி நாலாவது நாள். அன்னைக்கு அவர் எது சொன்னாலும் நியாயமா இருந்தது.

— அப்புறம்?

— என்னோடது எல்லாம் அட்டை கிழிஞ்சு, ஓரம் மடிஞ்சு, டீக்கறை பட்டு, புதிர்ப் போட்டியெல்லாம் நிரப்பி, உன் பல் பட்டு இருந்தது. அவரோடது நேத்து அச்சகத்திலேர்ந்து வந்த மாதிரி. எது நல்லா இருக்குன்னு நீயே சொல்லு. அவர்கிட்ட தொலைஞ்சு போன அஞ்சு இதழுக்கு மட்டும் என்னோடது பிழைச்சுது.

— படிச்சது போச்சு, வச்சது நின்னுச்சு.

— அதுவாவது போகட்டும்னு விட்டேன். ஆனா அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, இதழுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, சாவியைத் தன் பையில போட்டுக்கிட்டார். திறந்தா மதிப்புக் குறையுமாம். இருபது வருஷமா நான் இதழோட முதுகுல இருக்கிற நம்பரை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். துணி காயப்போடப் போறப்போ ஒரு தடவை, எடுக்கப் போறப்போ ஒரு தடவை. எனக்கு இந்த இதழுங்க வேணும்டா. மத்ததெல்லாம் அவர் எடுத்துக்கட்டும்.

— சட்டப்படி முத்திரை இருக்கிறது அவருது ஆயிடுமே.

— தெரியும்.

— வர்றார். மாமா, என்ன சொன்னாங்க?

— மேடையில இந்த முழு செட்டையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்னு கேக்கறாங்க. எனக்குப் பின்னாடி முப்பதடித் திரை. அதுல இருபத்துமூணாவது இதழோட அட்டை. பார்த்திருப்பியே, என் விசிட்டிங் கார்டுல இருக்கிற படம். தளபதி மலை உச்சியில நிக்கறார், அங்கி காத்துல பறக்குது, தூரத்துல ஒரு நகரம். தலைப்பு, தொலைநோக்கு. அதனால செட்டு உடையக் கூடாது. புதன்கிழமை வரைக்கும் அது என்கிட்ட இருந்தாகணும். அப்புறமும் என்கிட்டயே இருக்கணும்.

— அந்த அங்கியைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம் மாமா. குளிச்சுட்டுத் துண்டை மறந்து கழுத்துலயே விட்டுட்டு வந்துட்டாரா?

— எழுதற வேலையை மட்டும் பாரு. பதினாறு என்னுது. பதினேழு என்னுது. அவசரமா போவோம்.

— பதினேழைப் படிக்காம விட முடியாதுங்க. பேராசிரியர் பூஞ்சை வர்ற இதழ்.

— வில்லனைப் போய் ரசிக்கறியா?

— நாற்பத்தெட்டு இதழ்லயும் ஒழுங்கா திட்டம் போட்டு வேலை செய்யறவர் அவர் ஒருத்தர்தான். சுவத்துல கால அட்டவணை மாட்டியிருக்கார், பாருங்க. ஆளுங்களுக்குச் சாப்பாட்டு நேரம்கூடப் போட்டிருக்கார். தளபதி வந்து அதைக் கிழிச்சுப் போட்டுட்டு நீதி வென்றதுன்னு சொல்றார்.

— பூஞ்சைக்கிட்ட வேலை காலி இருந்தா சொல்லு அக்கா. எங்க முதலாளி சாப்பாட்டு நேரத்துலயும் ஒரு ஆளை ஏத்திவிடறார்.

— பதினெட்டு என்னுது. பத்தொன்பது?

— என்னோடது. பேர் எழுதியிருக்கு. அஞ்சாவது, இதோட முடிஞ்சுது.

— இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, மூணுலயும் முத்திரை. மூணும் மாமாவுது. அக்கா, படிச்சாச்சா?

— படிச்சாச்சு. இருபத்துமூணை எடு.

— நான் எடுக்கறேன். இதை யாரும் தொடாதீங்க. இதுதான் அந்த அட்டை. முத்திரை இருக்கும். ம், இருக்கு. அடுத்தது.

— திறக்கல நீங்க.

— முத்திரை பார்த்தாச்சே.

— திறந்து சரிபார்க்கணும். மத்த இருபத்திரண்டையும் திறந்தோம்.

— பிடிவாதம். சரி, மாப்ளே, ஜாக்கிரதையாத் திற. என்ன முழிக்கிறே?

— மாமா, இது திறக்க மாட்டேங்குது. பக்கமெல்லாம் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு.

— ஈரமா? உறைக்குள்ள ஈரம் போச்சா?

— ஈரம் இல்ல. மடிப்பு. ரெண்டு ரெண்டு பக்கமா மேல மடிப்பு வெட்டாம இருக்கு. பை மாதிரி இருக்கு. விரலை விட்டு விலக்கிப் பார்த்தாலும் உள்ள இருக்கிற படம் தெரியல.

— இருபத்துமூணாவது இதழிலேர்ந்து அச்சகம் மாறிடுச்சுடா. புது அச்சகத்துல ஓரம் வெட்டற மெஷின் கிடையாது. மடிச்சு, தைச்சு, அப்படியே அனுப்பிடுவாங்க. வாங்கறவங்கதான் கிழிச்சுக்கணும். நான் அப்பாவோட ஷேவிங் பிளேடை எடுத்துத்தான் கிழிப்பேன். மறுநாள் அவர் கன்னத்துல ரத்தம் பார்த்தா இதழ் வந்துடுச்சுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

— அப்போ கிழிக்காத இதழ்னா...

— சொல்லுடா.

— நான் சொல்லல. மாமா இருக்கார்.

— என்ன ரெண்டு பேரும் பார்க்கறீங்க? அடிப்படையில பார்த்தா, மூணு விஷயம். ஒண்ணு, அப்போ என்னை ஹாஸ்டல்ல போட்டுட்டாங்க. ரெண்டு, அப்பா சந்தா கட்டிக்கிட்டே இருந்தார். லீவுக்கு வந்தா மேசை மேல அழகா அடுக்கி இருக்கும். முத்திரை குத்தி உள்ள வச்சுடுவேன். படிக்கணும்னுதான் இருந்தேன். பரீட்சை, அப்புறம் கல்லூரி, அப்புறம் வேலை. கொஞ்ச நாள்ல படிச்ச மாதிரியே ஆயிடுச்சு.

— எத்தனை இதழ் படிச்ச மாதிரி ஆச்சு மாமா?

— இருபத்தாறு.

— நாற்பத்தெட்டுல இருபத்தாறு.

— கணக்குப் பார்க்காதே. முதல் இருபத்திரண்டைப் படிச்சவனுக்குத் தளபதியோட குணம் தெரியும். மீதி அதோட நீட்சிதானே. ஒரு ஸ்கேலைக் கொண்டா. என் கார்டுப் படம் இருக்கிற இதழ், நானே கிழிச்சு நானே வாசிக்கறேன். புதன்கிழமைக்கும் உதவும்.

— இந்தாங்க ஸ்கேல். ஓரத்தோட இழுங்க. உங்க பக்கமா இழுக்காதீங்க, வெளிப்பக்கமா.

— எனக்குத் தெரியும். ம். முதல் பக்கம். சுரங்கம். மண் சரிஞ்சு ஆறு பேரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. உப்புமூட்டை கூரையைத் தாங்கறான். மேல ஒரு சின்னப் பொந்து இருக்குன்னு எட்டுக்கண்ணன் கண்டுபிடிக்கிறான். ஒரு ஆள் மட்டும் போகலாம். பார்த்தியா? இப்ப தளபதி என்ன பண்ணுவார் பாரு. எல்லாரையும் முதல்ல அனுப்பிட்டுத் தான் கடைசியா வருவார். அஞ்சாவது அத்தியாயம்.

— பக்கத்தைத் திருப்புங்க.

— இது அடுத்த மடிப்பு. இரு. ம். தளபதி, எதிரொலியோட தோள்ல கால் வச்சு ஏறறார். காந்தா தலையில இன்னொரு கால். வெளிய போயிட்டார். சரி, உதவி கொண்டுவரப் போறார். அதுதான் நியாயம். இப்ப பொந்து வழியா உள்ள பார்த்துப் பேசறார்.

— என்ன பேசறார் மாமா? நிறுத்திட்டீங்க.

— எழுத்து மங்கலா இருக்கு.

— கொடுங்க நான் படிக்கறேன். பளிச்சுன்னுதான இருக்கு. "நண்பர்களே, தூரத்து மாநகரம் என்னை அழைக்கிறது. அங்கே எனக்கு வானளாவிய மாளிகை தருகிறார்கள். என் வளர்ச்சிக்கு இந்தக் குகை போதாது. வருகிறேன்." அவ்வளவுதான். அடுத்த கட்டத்துல மலை உச்சியில நிக்கறார், அங்கி பறக்குது. மாமா, இது உங்க விசிட்டிங் கார்டு.

— காட்டு.

— அட்டையில பெரிசாப் போட்டிருக்காங்க, உள்ள சின்னதா இருக்கு. அதே படம்தான். தொலைநோக்கு இல்ல மாமா. கிளம்பறார். நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறார், இத்தனை நாளா நான் கவனிக்கவே இல்ல.

— பதினஞ்சு வருஷமா இதை நான் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்திருக்கேன்.

— அக்கா, நீ ஏன் சிரிக்கல?

— வேற ஒண்ணு ஞாபகம் வந்துது. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் வளர்ச்சிக்கு இந்த வீடு போதலன்னு. வேலை முடிஞ்சு கை கழுவாமலே நின்னு படிச்சேன். இவர்தான் இருபத்துமூணைப் படிக்காத ஆளாச்சே, எங்கேயிருந்து காப்பியடிச்சார்னு அன்னைக்கெல்லாம் யோசிச்சேன்.

— நான் குகைன்னு எழுதல.

— இல்ல. வீடுன்னுதான் எழுதினீங்க.

— உனக்கு இது முன்னாடியே தெரியும்.

— பதினோரு வயசுலேர்ந்து தெரியும். ரெண்டு நாள் அழுதேன். நீங்க முதல் தடவை என்னைப் பார்க்க வந்தப்போ, தளபதியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினீங்க, ஞாபகம் இருக்கா? இவரு இருபத்துமூணு படிக்கலன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. நல்லவேளை, இவருக்கு வீட்டை விட்டுப் போகத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— இருபது வருஷம் என் கூட்டத்துக்கெல்லாம் வந்திருக்கே. முதல் வரிசையில உட்கார்ந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

— முதல் கூட்டத்துலயே கை தூக்கினேன். கேள்விகள் கடைசியிலன்னீங்க. கடைசியில நேரம் ஆயிடுச்சுன்னீங்க. வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு வாயைத் திறந்தா, கூட்டம் எப்படி இருந்ததுன்னு நீங்களே ஒரு மணி நேரம் சொன்னீங்க. அப்புறம் பழகிப்போச்சு.

— மாமா, தண்ணி குடிங்க. ஓரமா நிறுத்தி ரெண்டு நிமிஷம் மூச்சு விடுங்க. புதன்கிழமை அந்த ஆயிரத்து இருநூறு பேர்ல எத்தனை பேர் இருபத்துமூணு படிச்சிருப்பாங்க? பத்து பேர்? அவங்களும் கடைசி வரைக்கும் கை தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஒண்ணும் ஆகாது.

— படத்தை மாத்தணும். கார்டை மாத்தணும். அஞ்சாவது அத்தியாயம்... அதை அப்புறம் பார்க்கறேன். இனிமே இருபத்துநாலிலேர்ந்து நாற்பத்தெட்டு வரைக்கும் தளபதி வர்றாரா இல்லையா? அதைச் சொல்லு.

— கிழிச்சுப் பாருங்களேன்.

— வேண்டாம். இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்காரோ. மேடைக்கு இருபத்திரண்டு போதும். இப்ப ஒரு யோசனை. உன்னோட அஞ்சையும் எனக்குக் கொடு. ஒண்ணிலேர்ந்து இருபத்துமூணு வரைக்கும் என்கிட்ட முழுசா இருக்கும். இருபத்துமூணை நான் பத்திரமா எங்கேயாவது வச்சுக்கறேன். யாரும் எடுக்காத இடத்துல. மீதி இருபத்தஞ்சை நீ எடுத்துக்கோ. வெட்டாத பக்கம், தலைவன் இல்லாத படை. நஷ்டம் உனக்குத்தான். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

— அக்கா, மீசை வச்ச தளபதியைக் கொடுக்கணுமே.

— கொடுத்துடு. அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும். எழுது.

— ஒண்ணு முதல் இருபத்துமூணு வரை, மாமா. இருபத்துநாலு முதல் நாற்பத்தெட்டு வரை, அக்கா. மொத்தம் நாற்பத்தெட்டு. கீழ தேதி. ரெண்டு பேருக்கும் கோடு போட்டாச்சு. அக்கா நீ முதல்ல. சரி. மாமா, பேனா.

— இரு மாப்ளே.

— தப்பா எழுதிட்டேனா?

— சரியாத்தான் எழுதியிருக்கே. நான் உங்க அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்.

— நான் வேணா டீ போடப் போகட்டுமா?

— நீ உட்காருடா. சொல்லுங்க.

— நானும் யோசிச்சேன். நான் இப்ப இருக்கிற புது அபார்ட்மெண்ட் பன்னிரண்டாவது மாடி. சத்தமே இல்ல. வகுப்பு முடிஞ்சு வந்தா எப்படி இருந்ததுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன், சரிப்படல. நீ இந்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு பக்கமா ஏன் படிச்சேன்னு எனக்குப் புரியாம இல்ல. நீயா கேக்க மாட்டே, உன் குணம் எனக்குத் தெரியும். அதனால நானே வழி விடறேன். இருங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. பேனாவைக் கீழ வச்சுடறேன். மேடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.

— மாமா...

— நீ குறுக்க வராதே. தளபதியும் திரும்பி வந்திருப்பார், பந்தயம் கட்டறேன். வந்தே ஆகணும். இல்லைன்னா அந்த அஞ்சு பேரும் இருபத்தஞ்சு இதழ் என்ன பண்ணியிருப்பாங்க? அந்தச் சுரங்கத்துலயே உட்கார்ந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. இல்லையா? சொல்லு, நீதான் படிச்சவளாச்சே.

— இருபத்துநாலாவது இதழ் முதல் பக்கத்துல அஞ்சு பேரும் மண்ணைத் தட்டிக்கிட்டு வெளிய வந்துடுவாங்க.

— வந்ததும் தளபதி எங்கேன்னு கேப்பாங்க.

— நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். மாசா மாசம் பிளேடால கிழிச்சதும் முதல்ல அதைத்தான் தேடுவேன், அவர் எங்கேன்னு யாராவது கேக்கறாங்களான்னு. இருபத்தேழு வரைக்கும் தேடினேங்க. அப்புறம் தேடவே மறந்துட்டேன், கதை அங்கேயிருந்துதான் நல்லாப் போகும். கையெழுத்தை இந்தக் கோட்டு மேல போடுங்க.